கணக்குப் பேராசிரியர் இந்திய வரலாறு எழுதலாமா? டெக்கான் குயின் ரயிலில் போய்வந்த டி.டி. கோசாம்பியின் கதை

வேலை மும்பையில். வீடு புனேயில். இரண்டுக்கும் நடுவில் டெக்கான் குயின் எக்ஸ்பிரஸ். காலையில் புனேயில் ஏறினால் மும்பை, சாயங்காலம் அதே ரயிலில் வீடு. 16 வருஷம் இப்படி ஓடியது ஒரு கணிதப் பேராசிரியரின் வாழ்க்கை.

சம்பளம் வாங்கியது கணிதத்துக்கு. ஆனால் இன்று அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது வரலாறு. யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்கள் பண்டைய இந்தியா பாடத்தில் இந்தப் பெயரைக் கட்டாயம் தாண்டிப் போயிருப்பார்கள். டி.டி. கோசாம்பி.

வேற டிபார்ட்மென்ட்ல பிஎச்டி பண்ணலாமா, மேத்ஸ் முடிச்சிட்டு ஹிஸ்டரி பக்கம் போனா எடுத்துக்குவாங்களா என்று கேட்கிறவர்கள் இப்போது நிறைய. கோசாம்பி யாரிடமும் கேட்கவில்லை, போய்விட்டார். அதில் அவருக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன? கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

யார் இந்த கோசாம்பி?

முழுப்பெயர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. 1907 ஜூலை 31-ல், அப்போது போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இருந்த கோவாவில், கோஸ்பென் என்ற கிராமத்தில் பிறந்தார்.

அப்பா தர்மானந்த கோசாம்பியின் கதையே தனிப் படம் எடுக்கலாம். பௌத்தம் படிக்க வேண்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, நேபாளம், இலங்கை, பர்மா என்று அலைந்தவர். பாலி மொழியைக் கொழும்பில் போய்க் கற்றுக்கொண்டார். பிற்பாடு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமே ஒரு பௌத்த நூலைப் பதிப்பிக்க அவரைக் கூப்பிட்டது.

1918-ல் அப்பாவோடு மகனும் அமெரிக்கா போனார். பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் கேம்பிரிட்ஜ் ஊரில் பள்ளிப்படிப்பு, பிறகு ஹார்வர்டு. கணிதத்தோடு கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மொழிகளும் சேர்ந்துகொண்டன.

இங்கேயே பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. ஹார்வர்டில் அப்போது பெரிய கணித மேதையாக இருந்தவர் ஜி.டி. பிர்க்காஃப். கணிதத்தில் மட்டும் கவனம் வை என்பது அவர் கொடுத்த அறிவுரை. இளைஞர் கேட்கவில்லை. கண்ணில் பட்ட பாடத்தையெல்லாம் எடுத்தார். எடுத்ததில் எல்லாம் நன்றாகவும் மார்க் வாங்கினார். 1929-ல் மிக உயர்ந்த தகுதியோடு பி.ஏ. பட்டம். ஆனால் மேல்படிப்புக்கான உதவித்தொகை கிடைக்கவில்லை. ஊர் திரும்பினார்.

கவனியுங்கள், அவர் படித்து வாங்கிய பட்டம் அந்த பி.ஏ. தான். பிஎச்டி கிடையாது. கணிதத்திலும் இல்லை, வரலாற்றிலும் இல்லை.

இல்லாத ரஷ்யரின் பெயரில் ஒரு கலாட்டா

முதல் வேலை பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில். அங்கிருந்து 1931-ல் அலிகார் போனார். கூப்பிட்டவர் ஆந்த்ரே வெய்ல். 20-ம் நூற்றாண்டின் மிகப்பெரிய கணித மேதைகளில் ஒருவரான இந்த பிரெஞ்சுக்காரர், இருபத்து சொச்சம் வயதில் அலிகாரில் கணிதத் துறைத் தலைவராக இருந்தார். அதே துறையில் அப்போது இருந்த இன்னொருவர் நம்ம ஊர் டி. விஜயராகவன். பிற்காலத்தில் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஆனவர்.

அலிகாரில் கோசாம்பியின் திறமையைச் சந்தேகித்துக் குடைச்சல் கொடுத்த ஒரு சக ஆசிரியர் இருந்தார். அவரைக் கலாய்க்க வெய்ல் ஒரு ஐடியா கொடுத்தார். அதன்படி கோசாம்பி 1931-ல் ஒரு கட்டுரை எழுதினார். பூர்பாக்கி என்ற, உலகத்திலேயே இல்லாத ஒரு ரஷ்யக் கணித அறிஞரின் தேற்றத்தை விரிவாக்குவதாக அதில் சொன்னார். கட்டுரை அச்சிலும் வந்துவிட்டது!

சில வருஷம் கழித்து வெய்லும் நண்பர்களும் பிரான்சில் பூர்பாக்கி என்ற புனைபெயரில் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். நவீன கணிதத்தையே மாற்றிப்போட்ட வரிசை அது. அந்தப் பெயர் ஒரு கணிதக் கட்டுரையில் முதன்முதலாக அச்சேறியது இந்தியாவில், கோசாம்பியின் இந்தக் குறும்பில்தான்.

குறும்பு ஒருபக்கம் இருக்கட்டும். ஆளின் கணிதம் உண்மையாகவே கனமானது. பாதை வெளிகள் பற்றி அவர் செய்த வேலை, இன்று கோசாம்பி - கார்ட்டான் - செர்ன் கோட்பாடு என்று இரண்டு உலக ஜாம்பவான்களின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. 1934-ல் ராமானுஜன் நினைவுப் பரிசு கிடைத்தது. அதாவது, சொந்தத் துறையில் தேறாமல் பக்கத்துத் துறைக்குத் தாவியவர் கிடையாது இவர்.

காசை எடை போட்ட கதை

1933-ல் புனே ஃபெர்குசன் கல்லூரி. அப்பா முன்பு பாலி கற்பித்த அதே கல்லூரியில் மகன் கணித ஆசிரியர். திருப்பம் இங்கேதான்.

அப்போது புள்ளியியல் இந்தியாவில் வளர ஆரம்பித்த நேரம். அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, ஏதாவது ஒரு நிஜப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம் என்று கோசாம்பி நினைத்தார். மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை அலசிப் பார்த்தார். அடுத்து கையில் எடுத்தது பழங்கால வெள்ளிக்காசுகள்.

இந்தக் காசுகளைப் பற்றி ஒரு நிமிஷம். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய நாணயங்களை முத்திரை நாணயங்கள் என்பார்கள். வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, அதன்மேல் சூரியன், மலை, யானை, மரம் மாதிரி சின்னங்களைக் குத்தியிருப்பார்கள். ராஜா பெயர் இருக்காது. வருஷம் இருக்காது. அப்புறம் எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவரை அறிஞர்கள் சின்னங்களைப் பார்த்து ஊகம் செய்துகொண்டிருந்தார்கள். இது இந்த அரசனுடைய சின்னமாக இருக்கலாம், இது அந்த மதத்துடையதாக இருக்கலாம் என்று.

கோசாம்பி சின்னத்தை விட்டுவிட்டுத் தராசை எடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் பர்ஸில் இருக்கும் பழைய ஒரு ரூபாய்க் காசு தேய்ந்து போயிருக்கும். கை மாற மாற ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் போகிறது. அப்படியானால் ரொம்ப நாள் புழங்கிய காசுகளின் சராசரி எடை குறையும். அதோடு, எல்லாக் காசும் ஒரே மாதிரி தேயாது என்பதால் எடையில் ஏற்ற இறக்கமும் கூடும். இந்த இரண்டையும் அளந்தால், எந்தக் குழு ரொம்ப நாள் புழங்கியது, எது புதுசு என்று வரிசைப்படுத்தலாம்.

சொல்வது சுலபம். இது நிஜமா என்று சரிபார்க்க, முதலில் தன் காலத்தில் புழக்கத்தில் இருந்த காசுகளையே ஆயிரக்கணக்கில் எடை போட்டுப் பார்த்தார். கணக்கு ஒத்து வந்தது. அதற்குப் பிறகுதான் தட்சசீலத்தில் தோண்டியெடுத்த புதையல்கள் பக்கம் போனார். அதில் ஒரு புதையலில் வெள்ளிக்காசுகளோடு அலெக்சாண்டர் பெயரில் வெளியான, கிட்டத்தட்ட தேயாத காசுகளும் இருந்தன. ஆகவே அந்தப் புதையல் எப்போது புதைக்கப்பட்டது என்பதற்கு ஒரு பிடி கிடைத்தது.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. இந்தக் காசுகளின் பின்பக்கத்தில் குட்டிக் குட்டி அடையாளங்கள் இருக்கும். அவை அதிகமாக அதிகமாக, காசின் சராசரி எடை சீராகக் குறைந்துகொண்டே போனது. அப்படியென்றால் அந்த அடையாளங்கள் அலங்காரம் கிடையாது, காசு புழக்கத்தில் இருந்தபோது அவ்வப்போது சோதித்துப் பார்த்தவர்கள் குத்தியவை என்று முடிவுக்கு வந்தார். செத்துப்போன சந்தை ஒன்றின் சுவடு, தராசுத் தட்டில்!

எந்தக் காசு எந்த அரசனுடையது என்று அவர் அடுத்துப் போட்ட பட்டியலைப் பின்வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நாணயங்களைக் கணக்குப் போட்டுப் படிக்கலாம் என்ற வாசலைத் திறந்தவர் அவர்.

காசிலிருந்து கவிதைக்கு

காசை அச்சடித்தது யார்? அதற்குப் பழைய நூல்களைப் பார்க்க வேண்டும். நூல்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரே நூலின் பிரதிகளே ஆளுக்கொன்றாகச் சொல்கின்றன. அப்போ நூலையே சரிசெய்ய வேண்டும். இப்படித்தான் ஒரு கணித ஆசிரியர் சமஸ்கிருதப் பதிப்பாசிரியர் ஆனார்.

எடுத்துக்கொண்டது பர்த்ருஹரியின் சதகங்கள். நீதி, காதல், துறவு என்று மூன்று நூறு பாடல்கள். ஆனால் பிரதிக்குப் பிரதி பாடல்கள் வேறு, வரிசை வேறு. நாடு முழுக்க இருந்த நூற்றுக்கணக்கான சுவடிகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஒப்பிட்டு, எது மூலத்துக்கு நெருக்கம், எது பின்னால் ஒட்டிக்கொண்டது என்று பிரித்தார். 1948-ல் அந்தப் பதிப்பு முழுமையாக வெளிவந்தது.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை சட்டென்று புரியும். உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடி, பாடபேதம் பார்த்து, 1887-ல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தாரே, அதே வகை உழைப்பு. என்ன வித்தியாசம் என்றால், அவருக்கு அதுதான் முழுநேர வாழ்க்கை. இவருக்குக் காலையில் கணித வகுப்பும் இருந்தது.

இந்தப் பயணத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர்களில் ஒருவர் வி.எஸ். சுக்தங்கர். புனே பண்டார்கர் நிறுவனத்தில் மகாபாரதச் செம்பதிப்புக்குத் தலைமை தாங்கியவர். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், சுக்தங்கரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டுத்தான் சமஸ்கிருதத்துக்கு வந்தார். ஒருவேளை அதனால்தான் கணக்கு வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று அவர் கேட்கவில்லையோ என்னவோ.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. நான் பி.ஏ. தமிழ் படித்தபோது, வரலாற்றுத் துறை நூலகத்தில் ஒரு கல்வெட்டுத் தொகுதியைக் கேட்டுப் போனேன். இது உங்க டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்வெட்டு தமிழில்தான் இருந்தது.

அதன்பிறகு வந்தது பெரிய வேலை. வித்யாகரர் என்ற பௌத்தத் துறவி சுமார் 900 வருஷத்துக்கு முன் வங்காளத்தில் தொகுத்த சுபாஷிதரத்னகோசம். அதன் பழைய சுவடி திபெத்திய மடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. வி.வி. கோகலேவோடு சேர்ந்து கோசாம்பி அதைப் பதிப்பித்தார். 1957-ல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளியானது. அப்பா எந்த ஊருக்கு நூல் பதிப்பிக்கப் போனாரோ, அதே ஹார்வர்டு.

முன்னுரையில் மட்டும் வம்பு. சமஸ்கிருதக் கவிதை யாருக்காக, யார் காசில், எந்த வர்க்கத்தின் ரசனைக்காக எழுதப்பட்டது என்று மார்க்சியப் பார்வையில் போட்டு உடைத்திருந்தார். சமஸ்கிருத அறிஞர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கோசாம்பிக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை.

ரயில் பாதையும் வணிகப் பாதையும்

காசு, சுவடி. மூன்றாவது, கால்நடை. புனேயைச் சுற்றியிருந்த குன்றுகளில் நடந்து திரிந்தார். கற்கால மனிதர்கள் பயன்படுத்திய சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். தன் வீட்டுப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கிய நாடோடி மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கவனித்தார். கிராமத்து எல்லையில், முச்சந்தியில் இருக்கும் செந்தூரம் பூசிய தாய்த் தெய்வங்கள் ஏன் சரியாக அந்த இடத்தில் இருக்கின்றன என்று கேட்டார். பழைய மேய்ச்சல் தடங்களும் வணிகத் தடங்களும் சந்தித்த இடங்கள் அவை என்பது அவர் கண்டடைந்த பதில்.

புனேக்கும் மும்பைக்கும் நடுவில், லோனாவாலா பக்கத்தில் இருக்கிறது கார்லே பௌத்தக் குகை. கோசாம்பி போய்வந்த ரயில் பாதைக்கு ரொம்பத் தூரமில்லை. அங்கே தூண்களில் உள்ள கல்வெட்டுகளில் தானம் கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது. யவனர்கள், ஒரு தச்சர், ஒரு வாசனைப் பொருள் வியாபாரி. மலையில் தனியாகத் தவம் செய்யப் போன துறவிகளுக்கு ஏன் இத்தனை வியாபாரிகள் தானம் செய்தார்கள்? கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கணவாய் ஏறித் தக்காணத்துக்குப் போகும் சரக்குப் பாதையில்தான் இந்த மடங்கள் வரிசையாக இருக்கின்றன என்று காட்டினார். பொருளாதாரத்தில் மடங்களுக்கும் பங்கு இருந்தது.

இதெல்லாம் சேர்ந்து 1956-ல் ஒரு புத்தகம் ஆனது. இந்திய வரலாற்றைப் படிப்பதற்கு ஓர் அறிமுகம் என்பது அதன் தலைப்பின் பொருள். எந்த ராஜா எந்த வருஷம் ஆண்டார் என்ற பட்டியலை அவர் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் சனங்கள் கையில் கலப்பை இருந்ததா, இரும்பு இருந்ததா, விளைந்ததில் யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பது அவருக்கு முக்கியம். இன்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் இரும்பும் விவசாயமும் கங்கைச் சமவெளி நகரங்களும் பற்றி ஒரு பாடம் இருக்கிறது என்றால், அதன் பின்னால் இந்தப் புத்தகத்தின் நிழல் இருக்கிறது.

மார்க்சியர்தான். ஆனால் கட்சி சொன்னதை அப்படியே ஒப்பிக்கிற ஆள் கிடையாது. எஸ்.ஏ. டாங்கே எழுதிய பண்டைய இந்தியா பற்றிய புத்தகத்தை 1949-ல் கிழித்துத் தொங்கவிட்டு மதிப்புரை எழுதினார். டாங்கே அப்போது கம்யூனிஸ்ட் கட்சியின் பெரும் தலைவர்.

இடையில் ஒரு மரபியல் சூத்திரம்

இது அதிகம் பேருக்குத் தெரியாத பக்கம். ஒரு குரோமோசோமை நீளமான ஹைவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் இருக்கும் ஊர்கள்தான் ஜீன்கள். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று நேராக அளக்க அந்தக் காலத்தில் வழியில்லை. பெற்றோரிடம் சேர்ந்திருந்த இரண்டு ஜீன்கள் பிள்ளைகளிடம் எத்தனை முறை பிரிந்து போகின்றன என்று எண்ணுவார்கள். அடிக்கடி பிரிந்தால் தூரம் அதிகம்.

சிக்கல் என்னவென்றால், நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து ஒட்டினால், இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். எண்ணிக்கையில் தெரியாது. இதைச் சரிக்கட்ட ஜே.பி.எஸ். ஹால்டேன் 1919-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஆனால் அது, ஒரு இடத்தில் அறுவது பக்கத்து இடத்தைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டது. நிஜத்தில் பாதிக்கும். ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்திலேயே மறுபடி அறுவது குறையும். அதையும் கணக்கில் எடுத்து 1944-ல் ஒரு சூத்திரம் எழுதினார் புனே கல்லூரி ஆசிரியர் ஒருவர். கோசாம்பிதான்.

உயிரியலில் அவருக்குப் பட்டமா? அதெல்லாம் இல்லை.

பாபாவின் நிறுவனத்தில் 16 ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். ஹோமி பாபா டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கணிதத்துக்கு அவர் முதலில் அழைத்தவர்களில் கோசாம்பி ஒருவர். வகுப்பெடுக்க வேண்டாம், ஆராய்ச்சி மட்டும். கனவு வேலை. 1948-49-ல் யுனெஸ்கோ உதவித்தொகையில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் போய், அப்போதுதான் தலைதூக்கிய கணிப்பொறிகளைப் பார்த்துவிட்டு வந்தார். சிகாகோவில் கணிதம் கற்பித்தார்.

ஆனால் நிறுவனம் ஒரு திசையில் போனது, இவர் வேறு திசையில். 1949-ல் கே. சந்திரசேகரன் பிரின்ஸ்டனிலிருந்து வந்து கணிதப் பிரிவை உலகத் தரத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு பிரிவில் ஆழமாக இறங்கி வேலை செய்யும் இளைஞர்கள் வந்தார்கள். அந்த இடத்தில், வெள்ளிக்காசும் சமஸ்கிருதச் சுவடியும் கல்வெட்டுமாக இருந்த பேராசிரியர் மெல்ல மெல்ல ஓரமானார். அலுவலகத்துக்கு வருவது போவதிலும் உரசல்.

அரசியலும் சேர்ந்துகொண்டது. பாபா அணுசக்தி ஆணையத்தின் தலைவர். கோசாம்பியோ, இந்தியா மாதிரி வெயில் கொட்டும் நாட்டுக்கு அணு உலை எதற்கு, சூரிய சக்தியில் ஆராய்ச்சி செய்யுங்கள் என்று 1950-களின் கடைசியிலேயே மேடையில் பேசினார், எழுதினார். உலக அமைதி இயக்கத்தில் தீவிரமாக இருந்தார். தலைவருக்குச் சங்கடமா இல்லையா?

அப்புறம்தான் அந்தப் பெரிய சறுக்கல்.

2, 3, 5, 7, 11 என்று போகும் பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது பற்றி 1859-ல் ரீமான் ஒரு கருத்தைச் சொன்னார். ரீமான் கருதுகோள். இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. தீர்த்தால் 10 லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. 1959-ல் கோசாம்பி நிகழ்தகவு வழியில் அதைத் தீர்த்துவிட்டதாக ஒரு கட்டுரை எழுதினார். வெளியான இடம், வேளாண் புள்ளியியல் சங்கத்தின் இதழ்!

எண் கோட்பாட்டு நிபுணர்கள் பார்த்தார்கள். நிரூபணம் நிற்கவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம்? பாபாவை வில்லனாக்கி முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுசாகச் சரி என்று படவில்லை. கணிதத்துக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் கணிதம் எங்கே என்று கேட்பதில் தப்பில்லை. அந்தக் கட்டுரையும் வெறும் எதிரிகளின் கட்டுக்கதை இல்லை, நிஜமாகவே தப்பு. காசை எடை போடும்போது முதலில் தன் காலத்துக் காசில் சோதித்துப் பார்த்த அதே மனிதர், சொந்தத் துறையில் எண் கோட்பாட்டுக்காரர்கள் பார்க்காத இதழில் போட்டு அவசரப்பட்டார். வெளித் துறையில் அவர் காட்டிய நிதானம் இங்கே இல்லை.

ஆனால் அந்த ஒரு கட்டுரைக்காக மட்டும்தான் அவர் வெளியேற்றப்பட்டார் என்றும் நம்ப முடியவில்லை. தப்பான நிரூபணம் எழுதிய கணித மேதைகள் ஏராளம். அணு உலையை எதிர்க்காத, காசும் கல்வெட்டும் என்று போகாத ஒருவர் அதே தப்பைச் செய்திருந்தால் மன்னித்திருப்பார்கள். துறைக்கு வெளியே ஒரு கால் வைத்தவர் உள்ளே ஒரு தப்பு செய்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

1962-ல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. நிறுவனம் புதுப்பிக்கவில்லை.

டெக்கான் குயின் பயணம் நின்ற பிறகு

வயது 55. நிரந்தர வேலை இல்லை. ஆனால் அந்த வருஷமே தொன்மமும் நிஜமும் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது. முச்சந்தித் தாய்த் தெய்வங்கள் பற்றிய கட்டுரை அதில்தான் இருக்கிறது. கணிதத்தையும் விடவில்லை. 1963-ல் பகா எண்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. சில கணிதக் கட்டுரைகளை எஸ். டுக்ரே என்ற புனைபெயரில் வெளியிட்டார். பூர்பாக்கி கலாட்டாவில் விளையாட்டுக்காக இல்லாத ஒருவரை உருவாக்கியவர், கடைசியில் தானே வேறு பெயரில் எழுதினார். முன்னது சிரிப்பு. பின்னது அப்படியில்லை.

காசு, சுவடி, கள ஆய்வு, மொழி எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறையைப் பற்றி 1963-ல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். பாதி வாழ்க்கை செய்து பார்த்த பிறகு, அதற்கு முறை என்று பெயர் வைத்தார் என்று சொல்லலாம்.

1964-ல் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அவருக்குத் தகைசால் விஞ்ஞானி பொறுப்பு கொடுத்தது. புனேயிலேயே இருந்து வேலை செய்தார். 1965-ல் லண்டனிலிருந்து பண்டைய இந்தியாவின் பண்பாடும் நாகரிகமும் பற்றிய புத்தகம் வந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளுக்குப் போனது அதுதான்.

1966 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் ஹோமி பாபா இறந்தார். அதே வருஷம் ஜூன் 29 அன்று, புனே வீட்டில் தூக்கத்திலேயே கோசாம்பியின் உயிர் பிரிந்தது. 59 வயது ஆக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

2008-ல் தபால்தலை வந்தது. அவருடைய கணிதக் கட்டுரைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரே தொகுதியாக வந்தது 2016-ல்தான், இறந்து 50 வருஷம் கழித்து. வரலாற்றுப் புத்தகங்களோ ஒருநாளும் கடையிலிருந்து மறைந்ததில்லை.

நெல், கோதுமைப் பயிர்களின் மரபணு வரைபடம் தயாரிக்கிற மாணவர்கள் இன்றும் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைத் திறப்பார்கள். தூரத்தை எந்தச் சூத்திரத்தில் கணக்கிட வேண்டும் என்று அது கேட்கும். இரண்டு பெயர்கள் இருக்கும். ஹால்டேன், கோசாம்பி. பல பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அது வரலாற்றுப் புத்தகம் எழுதிய அதே கோசாம்பி என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.